சகலைக்கு இரண்டு கட்டை

குழாய்க்கடைக்காரருக்குப் பட்டப்பெயர் வைத்தது வேறு யாருமில்லை, அவருடைய சகலைதான். மனைவியின் அக்காவைக் கட்டியவர். அதே தெருவில் எதிர்வரிசையில் விளக்குக் கடை வைத்திருப்பவர். கடைத்தெரு வணிகர் சங்கத்தின் இசைக்குழுவுக்குத் தலைவர், பாடகர், அறிவிப்பாளர் எல்லாம் அவரே.

போன வருஷம் சங்க ஆண்டுவிழாவில் குழாய்க்கடைக்காரருக்கு ஒரு பாட்டுப் பாட ஆசை வந்தது. ஆசை யாரைத்தான் விட்டது? பாடினார். பாதியில் சகலை வந்து, கல்லாவில் கிடக்கும் கள்ளநோட்டை எடுப்பதுபோல இரண்டு விரலால் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"எங்க சகலை தங்கமான வியாபாரிங்க. அவர் விக்கிற குழாயத் திறந்தா தண்ணி வரும். அவர் வாயத் திறந்தா காத்துதான் வருது!"

மண்டபம் குலுங்கியது. மண்டபம் சிரித்ததை அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். முன்வரிசையில் அவர் மனைவியும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருந்தால்கூட மன்னித்திருக்கலாம். தொடையைத் தட்டிச் சிரித்தாள்.

மறுநாள் காலையிலிருந்து அவர் பெயர் 'காத்து'. சரக்கு இறக்க வந்த லாரிக்காரர், "காத்தண்ணே, ஒரு கையெழுத்து" என்றார். வாஷ்பேசினைத் தட்டிப் பார்த்த ஒரு வாடிக்கையாளர், "நீங்க சொல்ற விலையும் காத்துல போற விலைதானே" என்று இளித்துக்கொண்டே பாதிக்குக் கேட்டார். கடைத்தெருவில் ஒருவன் கறாராகப் பேசுகிறவன் என்ற பெயர்தான் அவனுக்கு முதல். கேலிக்கு ஆளானவன் சொல்கிற விலையை யாரும் கடைசி விலை என்று நம்புவதில்லை. குழாய்க்கடைக்காரர் மனசுக்குள் கணக்கு எழுதி வைத்துக்கொண்டார். அந்தப் பெயரைத் தெருவைக் கடத்தி எதிர்க்கடை வாசலில் இறக்க வேண்டும், அதே மண்டபத்தில், அதே முன்வரிசை பார்க்க. அதற்கு வழி மட்டும்தான் கிடைக்காமல் இருந்தது.

வழி ஒரு நாள் தானாகவே நடந்து கடைக்குள் வந்தது. குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த நெட்டையன், தொழிலில் மின்வேலைக்காரன், வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பிக்கொண்டிருந்தான். புது வீட்டுக்கு ஒரு ஷவர் வேண்டும் என்று வந்து நின்றான்.

"இனிமே அந்த கிட்டார் உனக்கு எதுக்குப்பா? பஸ்ல தூக்கிட்டுப் போனா அதுக்கும் சேர்த்து சீட்டுப் போடச் சொல்லுவான்."

"அண்ணே, அது நல்ல கிட்டாருண்ணே."

"நல்ல கிட்டாரு நாலு கம்பியோடவா இருக்கும்? ரெண்டு கம்பி குறையுதே."

"பேஸுக்கு நாலுதாண்ணே!"

"சரி, நீ சொல்றே, நம்புறேன். இந்த ஷவரை எடுத்துக்கோ. சுடுதண்ணி, பச்சத்தண்ணி ரெண்டும் வரும். கிட்டாரையும் ஸ்பீக்கர் பெட்டியையும் குடு. கூடவே சுலபமா நாலு பாட்டு வாசிக்கக் கத்துக்குடு."

நெட்டையன் தலையைச் சொறிந்தான். பேரம் படிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

கடையின் பின்பக்கக் கிடங்கில், பிளாஸ்டிக் குழாய்க் கட்டுகளுக்கு நடுவே பாடம் ஆரம்பித்தது. குழாய்க்கடைக்காரரின் விரல்கள் ஸ்பேனர் பிடித்துப் பழகியவை. கம்பியை அழுத்தச் சொன்னால் முறுக்கப் பார்த்தன. நுனியெல்லாம் கொப்புளம். வீட்டில் மனைவி, "என்ன இது, மாடிப்படியில பீரோவை உருட்டற மாதிரி?" என்று கேட்டாள். அவர் கம்பியை இன்னும் ஓங்கித் தட்டினார். இவளும் கணக்கில் இருக்கிறாள்.

"முதல்ல சுலபமான பாட்டா எடுக்கணும்ணே" என்றான் நெட்டையன். "சுலபம்னா என்னன்னா, அழுத்தற வேலை கம்மியா இருக்கணும். கம்பியை அழுத்தாம சும்மா தட்டினாலே நாலு சுரம் இருக்கு. பாட்டுக்கு வேண்டிய சுரம் அந்த நாலுக்குள்ள விழுந்துட்டா இடது கையே வேண்டாம்." அவன் ஒரு தாலாட்டுப் பாட்டைச் சொன்னான். ஒரே சுரம், தூங்கிக்கொண்டே வாசிக்கலாம்.

"கேக்கறவனும் தூங்கிடுவான். வேற சொல்லு."

ஒரு கூத்துப்பாட்டைச் சொன்னான். இரண்டே சுரம்.

"இதை யார் பாடுவா?"

"எல்லாரும் சேர்ந்து."

"அப்ப வேண்டாம். உங்க தலைவர் தனியாப் பாடறது எதுடா இருக்கு?"

நெட்டையன் யோசித்தான். "மலையுச்சியில நின்னு ஹீரோ காதலியைக் கூப்பிடுற பாட்டு இருக்கு. மூணே சுரம். ஆனா இப்ப வாசிக்கிற சுதியில உங்களுக்குக் கஷ்டம்ணே. ஒரு கட்டையில பாடுறாரு. அதுல ரெண்டு சுரத்துக்குக் கம்பியை அழுத்தியே ஆகணும். ரெண்டு கட்டையா இருந்தா மூணுமே அழுத்தாத கம்பியில கிடைக்கும். அல்வா மாதிரி. ஆனா அவருக்கு ஆகாது."

"ஏன் ஆகாது?"

"கட்டையை ஏத்தினா பாட்டு பூரா மேல போகும்லண்ணே. அவர் இப்பவே உச்ச வரியில நுனிக்கால்ல நிக்கிறாரு."

குழாய்க்கடைக்காரர் கிட்டாரைக் கீழே வைத்தார். ஏதோ பழைய கடன் தானாகத் திரும்பி வந்ததுபோல முகம் மலர்ந்தது.

"இந்தப் பாட்டுதான்" என்றார். "எனக்கு இதுதான் சுலபம்."

அதற்கப்புறம் அவர் வேறு பாட்டைத் தொடவில்லை. விரல்நுனிக் கொப்புளம் காய்த்து, காய்ப்பு தோலாகும் வரை அந்த மூன்று சுரங்களைத் தட்டினார். நெட்டையன் ஷவரோடு பஸ் ஏறினான்.

குழு ஒத்திகை பார்க்கும் இடம் விளக்குக் கடையின் மாடி. தலைக்கு மேல் இருபது சரவிளக்குகள் தொங்கும். பேஸ் கிட்டாரோடு படியேறி வந்த குழாய்க்கடைக்காரரைப் பார்த்ததும் சகலைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"வாங்க வாங்க காத்து! இப்ப கம்பியும் கட்டியாச்சா?"

"ஆள் இல்லைன்னு கேள்விப்பட்டேன் சகலை. ஏதோ என்னால ஆனது."

"நில்லுங்க, நில்லுங்க. பேஸ்தானே. பின்னாடி கம்பம் மாதிரி நிக்க ஒரு ஆள் வேணும். அது யாருக்குக் கேக்கப் போகுது!"

இதுதான் சகலை செய்த தப்பு. முன்னால் நின்று பாடுகிறவர்களுக்கே உரிய தப்பு. பேஸ் காதுக்குக் கேட்காது, காலுக்குத்தான் கேட்கும். டிரம்ஸ் அடிக்கிறவர் பாடகரைப் பார்க்க மாட்டார், பேஸைத்தான் பார்ப்பார். இத்தனை வருஷம் குழு நடத்திய மனிதர் அந்த நாலு கம்பியை ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததில்லை.

குழாய்க்கடைக்காரர் அவசரப்படவில்லை. டிரம்ஸ் வாசிக்கும் மருந்துக்கடை அம்மாவும், கீபோர்டு வாசிக்கும் தையல்காரரும் வந்து உட்காரும் வரை காத்திருந்தார். பேரம் பேசும்போது பக்கத்தில் நாலு பேர் இருந்தால்தான் வாங்குகிறவனுக்கு ரோஷம் வரும்.

"சகலை, ஒரு சின்ன வேண்டுகோள். அந்த மலையுச்சிப் பாட்டை மூணு கட்டையில வச்சுக்கலாமா? நான் கத்துக்குட்டி. எனக்கு அதுதான் விரலுக்கு வாகா இருக்கு."

தையல்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கென்ன, ஒரு பொத்தானை அழுத்தினால் கீபோர்டில் சுதி மாறிவிடும். மருந்துக்கடை அம்மாதான் கேட்டார், "மூணா? அண்ணனுக்கு எட்டுமா?"

குழாய்க்கடைக்காரர் உடனே கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயையோ, எட்டாதுன்னா வேண்டாம்மா. சகலை தொண்டைக்குக் கஷ்டம் வரக் கூடாது. நான் வேணா அழுத்தியே வாசிக்கப் பழகிக்கிறேன்."

"யாருக்கு எட்டாது?" என்றார் சகலை. "எனக்கு எந்தச் சுதியும் ஒண்ணுதான். ஆனா பாட்டோட அழகுன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. மூணு ரொம்ப அதிகம். ஒண்ணரை வச்சுக்குங்க."

"ஒண்ணரை எனக்குக் கொஞ்சம்கூட ஆகாது சகலை. எல்லாத்தையும் அழுத்தணும். ரெண்டே முக்கால்?"

"அப்படி ஒரு கட்டையே கிடையாதுய்யா!"

"அப்ப ரெண்டரை."

"ரெண்டு. அதுக்கு மேல பேசாதீங்க."

குழாய்க்கடைக்காரர் தாடையைத் தடவினார், உதட்டைப் பிதுக்கினார், ஜன்னல் வழியாகத் தன் கடையை ஒருமுறை பார்த்தார். நஷ்டத்துக்கு விற்கிறவன் முகத்தை வைத்துக்கொண்டு, "சரி, சகலை சொல்லிட்டீங்க. ரெண்டு" என்றார்.

சகலை எல்லோரையும் வெற்றிப் பார்வை பார்த்தார். மூன்று கேட்டவனை இரண்டுக்கு இறக்கிவிட்டாராம்.

ஒத்திகையில் உச்ச வரி வந்தபோதெல்லாம் சகலை பாடாமல் விசிலடித்துவிட்டுப் போனார். எப்போதும் அது அவர் பழக்கம். "தொண்டையை இங்கேயே செலவு பண்ணிட்டா மேடைக்கு என்ன மிஞ்சும்?"

"ரொம்ப சரி" என்றார் குழாய்க்கடைக்காரர். "மேடைக்குன்னு பத்திரமா எடுத்து வைங்க."

ஆண்டுவிழா வந்தது. அதே மண்டபம். முன்வரிசையில் மனைவி, பக்கத்தில் அவள் அக்கா. சகலை பளபளக்கும் சட்டையில் மேடையேறி, "இன்னைக்கு நம்ம காத்து கிட்டாரோட வந்திருக்காரு. கேக்கலைன்னா கவலைப்படாதீங்க, கேக்காம இருக்கிறதே நல்லது" என்றார். கூட்டம் சிரித்தது. குழாய்க்கடைக்காரரும் பல்லைக் காட்டினார். இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

பாட்டு ஆரம்பித்தது. கீழ் வரிகள் வழுக்கிக்கொண்டு போயின. டும், டும், டும் என்று வெறுங்கம்பிகள் தரையை அதிரவைத்தன. உச்ச வரி வந்தது. மைக் முன்னால் விசிலடிக்க முடியாது. சகலை கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க, காதலியைக் கூப்பிட்டார்.

வந்தது காற்று. தண்ணீர் நின்றுபோன வீட்டில் குழாயைத் திறந்தால் வருமே, முதலில் ஒரு 'கிர்', பிறகு ஒரு 'ஃபுஸ்'. ஒலிபெருக்கி அதை மண்டபத்தின் கடைசி நாற்காலி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

யாரும் சிரிக்கவில்லை. முதல் தடவை பரிதாபம் வரும், அது மனித இயல்பு. சகலை குனிந்து இருமி, கையை ஆட்டி, பாட்டை முடிக்கச் சொல்லிப் பின்பக்கம் ஜாடை காட்டினார்.

பின்பக்கத்தில் இருந்தது யார்? கம்பம் மாதிரி நிற்க வந்தவர். குழாய்க்கடைக்காரர் முடிக்கவில்லை. திரும்பவும் உச்ச வரிக்குப் போகிற மூன்று சுரங்களைத் தட்டினார். மருந்துக்கடை அம்மா பேஸைக் கேட்டுக்கொண்டே போனார், கீபோர்டும் கூடவே போனது. பாட்டு சகலையைக் கழுத்தைப் பிடித்து மலையுச்சிக்கே திரும்பத் தள்ளிக்கொண்டு போனது.

'கிர்... ஃபுஸ்!'

மூன்றாவது வரிசையில் லாரிக்காரர் எழுந்து, "காத்து வருது, வால்வை மூடுங்கப்பா!" என்று கத்தினார். அவ்வளவுதான். மண்டபம் உடைந்துபோனது. அக்கா தலைகுனிந்தாள். குழாய்க்கடைக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். தொடையைத் தட்டித்தான் சிரித்தாள். அவருக்கு வயிறு நிறைந்தது. ஆனாலும் இன்னொரு தடவை உச்சிக்குப் போய்விட்டுத்தான் பாட்டை இறக்கினார்.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி சொன்னாள், "பாவம் அத்தான். யாருங்க ரெண்டு கட்டைன்னு சொன்னது?"

"அவர்தான். நான் மூணுதான் கேட்டேன்."

தெருமுனையில் நின்று அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "அடுத்த வருஷம் நான் ஒரு பாட்டுப் பாடலாம்னு இருக்கேன். எந்தக் கட்டை வைப்பீங்க?" என்றாள்.

"போன வருஷம் நீ எந்தக் கட்டையில சிரிச்சேன்னு யோசிச்சுச் சொல்றேன்."

அவள் அதற்குச் சிரிக்கவில்லை.

மறுநாள் கடை திறந்த சூட்டோடு சகலை வந்தார். வருகிற வழியில் லாரிக்காரர் அவரைப் புதுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது தெரு முழுக்கக் கேட்டிருந்தது. குரல் கரகரத்தது.

"அந்தப் பாட்டைப் பழைய ஒரு கட்டைக்கே இறக்கிடலாம் சகலை. அடுத்த மாசம் பள்ளிக்கூடக் கச்சேரி இருக்கு."

குழாய்க்கடைக்காரர் ஒரு குழாயை எடுத்துத் துணியால் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொரு தடவை துடைத்தார்.

"எதிர்க்க கடை வச்சிருக்கீங்க, உங்களுக்குத் தெரியாததா? நம்ம கடையில பேசி முடிச்சதைத் திருப்பி எடுக்கிற வழக்கம் கிடையாது" என்றார். "வேணும்னா ஒண்ணே முக்கால் பண்ணித் தர்றேன், காத்து."