பாட்டை நிறுத்தாத டீச்சர்

1

கேலி பண்ணத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மறைப்பானேன்? சங்கரன்கோவிலில் ஓட்டம் நின்றுபோன ஒரு தறி ஷெட்டின் வாசலில் போர்டு ஒன்று தொங்கியது: ‘பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஆடும் நடன வகுப்பு. ஒன்றரை வயது முதல். ஞாயிறு காலை. பெரியவர் துணையில்லாமல் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை.’ மூக்கு ஒழுகுவதையே துடைக்கத் தெரியாத பிள்ளைக்கு டான்ஸா, அடேயப்பா என்று சிரித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தேன். வெளியே வரும்போது சிரிப்பு இல்லை.

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

‘நடனமே மூச்சாக வாழ்ந்த பிரேமலதா—’ சவத்தை, மூச்சாவது மண்ணாவது.

‘சின்னஞ்சிறு பாதங்கள் அந்தச் சிமெண்டுத் தரையில் பூக்களாக—’ இதுவும் குப்பைக்கு.

‘பிரேமலதாவுக்கு ஆட ஜோடி இல்லை.’ இது இருக்கட்டும்.

2

பிரேமலதாவுக்கு ஆட ஜோடி இல்லை. அந்த ஷெட்டில் ஆளுக்கொரு பிள்ளை உண்டு, டீச்சருக்கு மட்டும் கிடையாது. பிள்ளையை எப்படி இடுப்பில் வைத்துச் சுழல்வது, எப்படித் தூக்கி இறக்குவது என்று காட்ட அவள் வைத்திருந்தது ஒரு தலையணை. பூப்போட்ட உறை, ஒரு மூலையில் பஞ்சு எட்டிப் பார்க்கும்.

“டீச்சர், ஒங்க பிள்ளை அழவே மாட்டேங்கு, குடுத்து வச்சவிய!” என்பாள் ஜஸீமா. அவளுடைய மகன் சிஹாபுதீன் பாட்டுப் போட்டால் ஆடமாட்டான், நிறுத்தினால் ஆடுவான். ஷெட்டே சிரிக்கும். பிரேமலதாவும் சிரிப்பாள்.

பக்கத்து ஷெட்டில் தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி ஸ்பீக்கரை அலறவிட்டு, “தவசு!” என்று கத்துவாள். உடனே எல்லாரும் ஒரு காலை மடக்கி, கோமதியம்மன் மாதிரி ஒற்றைக்காலில் நிற்க வேண்டும்.* அந்த வயசுப் பிள்ளைக்கு ஒற்றைக்காலில் நிற்க வராது. பக்கத்தில் நிற்கும் பெரியவரின் ஒரு விரலைப் பிடித்துக்கொண்டால் நிற்கும். பெரியவர் துணை வேண்டும் என்று போர்டில் எழுதியதற்கு அவள் எல்லாரிடமும் சொன்ன காரணம் அதுதான்.

(* வெளியூர்க்காரர்களுக்கு: ஆடித் தவசு எங்கள் ஊர்த் திருவிழா. சுவாமியைக் காண அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்பாள். கடைசியில் காட்சி கிடைத்துவிடும். அம்மனுக்குக் கிடைத்துவிடும்.)

3

உண்மையான காரணம் வேறு. அங்கே நாத்தனார் பொன்மணியின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை, தேன்மொழி, பிரேமலதா பெற்றது.

[இதைக் கடைசியில் உடைத்து உங்களைத் திடுக்கிட வைக்கலாம் என்றுதான் முதலில் திட்டம். அவளை வைத்து வித்தை காட்ட மனசு வரவில்லை.]

பிள்ளைக்கு ஒரு வயசு ஆனபோது பிரேமலதாவுக்கு மஞ்சள்காமாலை. பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, புருஷன் கோமதிசங்கரின் அக்காள் பொன்மணியிடம் விட்டுவிட்டு, புளியங்குடியில் அம்மா வீட்டுக்குப் படுக்கப் போனாள். உடம்பு தேறித் திரும்பியபோது கோமதிசங்கர் வாசற்படியிலேயே நின்றான். ஏற்கெனவே ரெண்டு பேருக்கும் ஆகாது. “பிள்ளை அக்காட்ட பழகிட்டு. நீ அங்கனயே இரு” என்றான். ஒரு வரியில் எழுதிவிட்டேன். அவளுக்கு அது ஒரு வரி இல்லை.

(கோர்ட்டுக்குப் போகலாமே என்கிறீர்கள். போகலாம்தான். வாய்தா வாங்கி வாங்கி அந்தப் பிள்ளை வோட்டுப் போடுகிற வயசுக்கு வந்துவிடாதா என்று அவள் என்னிடம் திருப்பிக் கேட்டால் நான் என்ன சொல்ல?)

அவளுக்குத் தெரிந்தது டான்ஸ். வகுப்பு ஆரம்பித்தாள். சொந்தக்காரர்களில் மூத்தவரான நல்லக்கண்ணு அண்ணாச்சி பேசி முடித்து வைத்ததால், ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அனுப்ப அந்த வீடு சம்மதித்தது. பெரியவர் துணை என்று எழுதினால் தன் பிள்ளைக்குத் தானே துணை என்று கணக்குப் போட்டிருந்தாள். அந்த வரியைப் படித்துவிட்டு அவர்கள் பொன்மணியைக் கூடவே அனுப்பினார்கள். அவள் வைத்த சட்டம் அவள் கழுத்துக்கே வந்தது.

மற்ற பிள்ளைகளைப் பார்த்துத் தேன்மொழியும் அவளை “டீச்சர்” என்றது.

4

[இங்கே பொன்மணியைக் கெட்டவளாக்கினால் கதை சுலபமாக நடக்கும். முயன்றேன். அவளுக்குப் பிள்ளை கிடையாது. தேன்மொழிக்கு இட்லியைப் பிய்த்து ஊதி ஊதிக் கொடுக்கிறாள். அவளை நான் எப்படித் திட்ட?]

தலையணையை ஓரம் வைத்தாள் பிரேமலதா. இனிமேல் வாரம் ஒரு பிள்ளையை வைத்துக் காட்டுகிறேன் என்றாள். யாரும் சந்தேகப்படக் கூடாதே என்று முறை வைத்து ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி ஆடினாள். சிஹாபுதீனைக்கூடத் தூக்கினாள், அவன் சேலையை நனைத்தான். மகளின் முறை வரும்வரை காத்திருந்தாள்.

முறை வந்தது. அன்றைக்குத் தலை முழுகி, பிச்சிப்பூ வைத்து வந்திருந்தாள். தூக்கினாள். பிள்ளையின் எடை இடுப்பில் உட்கார்ந்ததும் அவளுக்குப் பாட்டு, அடவு எல்லாம் மறந்துபோயிற்று. கழுத்தில் முகத்தை வைத்து மோந்துபார்த்துவிட்டாள். எந்த டீச்சரும் அப்படிச் செய்வதில்லை.

பிள்ளை மிரண்டு வீறிட்டது. “அத்தை! அத்தை!” என்று பொன்மணியை நோக்கிக் கையை நீட்டி, டீச்சரின் முகத்தைத் தள்ளியது.

“குடு பிரேமா, பிள்ளை தேம்புது” என்றாள் பொன்மணி.

“இந்தாங்க மைனி.”

கொடுத்துவிட்டு, தலையணையை எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஆடிக் காட்டினாள். என்ன நெஞ்சு அது! நானாக இருந்தால் ஷெட்டைப் பூட்டிவிட்டுப் போயிருப்பேன்.

5

அழுத விஷயம் வீட்டுக்குப் போயிற்று. பிள்ளை பயப்படுது, இனி அனுப்ப முடியாது என்றான் கோமதிசங்கர். நல்லக்கண்ணு அண்ணாச்சி பஞ்சாயத்துப் பேச, அடுத்த ஞாயிறு பொன்மணியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்கே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

வகுப்பின் கடைசியில் எப்போதும் ஒரு விளையாட்டு உண்டு. பிள்ளைகள் நடுவில் ஆடும், பெரியவர்கள் சுவரோரம் நிற்பார்கள். பாட்டு நின்றதும் பிள்ளைகள் அவரவர் ஆளிடம் ஓட வேண்டும். அண்ணாச்சி அதைக் கேள்விப்பட்டிருந்தார்.

“இந்தா பாரு தாயி, பிள்ளைய அதும் போக்குல விடுவோம். யாரும் கூப்புடப்படாது, கை நீட்டப்படாது, நிக்க எடத்த விட்டு அசையப்படாது. அசைஞ்சவியளுக்குப் பிள்ளை இல்ல. பாட்டு நின்னதும் ஒன்கிட்ட வந்துட்டுன்னு வையி, ஞாயித்துக்கெழம பூரா ஒன்கூட இருக்கட்டும். அவகிட்ட போயிட்டுன்னா இந்த வகுப்புக்கும் வராது. மனச தேத்திக்க.”

“சரி அண்ணாச்சி” என்றாள். வேறென்ன சொல்வாள், பாவி மக.

ஒரு சுவரில் பொன்மணி, எதிர்ச் சுவரில் பிரேமலதா, நடுவில் பிள்ளைகள். பாட்டை நிறுத்தும் போன் பிரேமலதாவின் கையில் இருந்தது.

அவள் நிறுத்தவில்லை.

பாட்டு முடிந்து திரும்ப ஆரம்பித்தது. மறுபடியும் முடிந்தது, மறுபடியும் ஆரம்பித்தது. பிள்ளைகள் ஆடி ஓய்ந்து தரையில் உட்கார்ந்தன. “டீச்சர், இவனுக்குப் பசிக்கி, நாங்க வாரோம்” என்று ஜஸீமா மகனைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒவ்வொருவராகப் போனார்கள். அண்ணாச்சி வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாட்டு ஓடுகிறவரைக்கும் தேன்மொழி அவளுக்கு இல்லாமல் போகவில்லை, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

6

முடிவுகள்.

(அ) பாட்டு நிற்கிறது. பிள்ளை “அம்மா” என்று ஓடி வந்து பிரேமலதாவின்— எனக்கே கூசுகிறது. இந்த வாக்கியத்தை எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தெரியும், படிக்கிற உங்களுக்கும் தெரியும்.

(ஆ) பாட்டு நிற்கிறது. பிள்ளை பொன்மணியிடம் ஓடுகிறது. நடக்கக்கூடியது இதுதான். எழுதிவிட்டு ஒருநாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை. கிழித்துவிட்டேன்.

(இ) இல்லை. எழுத எழுத, யாரும் கேட்காமலேயே தேன்மொழி ஒன்று செய்தது.

எல்லாரும் போனபிறகு நடுவில் தனியாக நின்ற பிள்ளைக்குச் சலித்துவிட்டது. தனக்குத் தெரிந்த ஒரே அடவைச் செய்தது. காலை மடக்கித் தவசு நின்றது. நின்றுகொண்டு, பழக்கத்தில், விரலுக்காகக் கையை நீட்டியது.

பக்கத்தில் யாரும் இல்லை.

தறியைப் பெயர்த்த இடத்தில் போல்ட்டுகள் தலை நீட்டிக்கொண்டிருக்கிற தரை அது. பிள்ளை தள்ளாடுகிறது. பொன்மணி முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு நிற்கிறாள், அவள் கண்ணிலும் தண்ணீர். பிரேமலதாவின் கால் துடிக்கிறது. அசைந்தால் ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று. அசையாவிட்டால் பிள்ளை விழும். முதலில் பதறி ஓடுகிறவளே தாய் என்று தீர்ப்புச் சொல்கிற கதைகளை நானும் கேட்டிருக்கிறேன். நல்லக்கண்ணு அண்ணாச்சி கேட்டதில்லை.

அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நான் எழுத மாட்டேன்.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. கை நீட்டியபடியே இருக்கிறது. அசையக் கூடாது என்று அண்ணாச்சி சொன்னது அந்த ரெண்டு பேருக்கும்தான், இவ்வளவு நேரம் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்த உங்களுக்கு இல்லையே. போங்கள், நீங்களாவது ஒரு விரல் கொடுங்கள்.