வண்டியை நிறுத்தச் சொல்லாதவன்

வீடு மாற்றும் லாரியில் முன்னால் மூன்று பேர் உட்காரலாம். டிரைவர் ஒருவர். ஜன்னலோரம் ஒருவர். நடுவில் உட்காருகிறவனை ஆள் என்று சொல்ல முடியாது, அடுப்பில் ஏற்றிய பாத்திரம் என்றுதான் சொல்ல வேண்டும். பழைய லாரி அது. எஞ்சின் மூடி உள்ளேயே புடைத்துக்கொண்டு நிற்கும். ஓட ஓடக் கொதிக்கும். சாக்கை நாலாக மடித்துப் போட்டால்தான் அதன்மேல் குந்த முடியும்.

அந்த இடம் யாருக்கு என்பதற்கு டிரைவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். ஒண்ணுக்குப் போக வேண்டும், வண்டியை நிறுத்து என்று முதலில் கேட்கிறவன் எவனோ, மிச்ச வழி பூராவும் அவன் நடுவில். அதுவரைக்கும் இரண்டு பேரும் ஜன்னலோர சீட்டிலேயே இடித்துக்கொண்டு உட்காரலாம். அப்பீல் கிடையாது.

சட்டம் வந்த நாளிலிருந்து நடுவில் வெந்தது ஒரே ஆள்தான். எந்த ஊருக்குக் கிளம்பினாலும் பாதி வழி தாண்டுவதற்குள் "அண்ணே, கொஞ்சம் ஓரமா..." என்று இழுப்பான். அதனால் அவனுக்கு ஓட்டை வாளி என்று பேர் வந்தது. ஓட்டை நாளடைவில் உதிர்ந்து போய் வாளி மட்டும் நின்றது. பேர் வைத்தது வெளி ஆள் இல்லை. கூடவே சுமை தூக்கும் சொந்த மச்சினன், பெண்டாட்டியின் தம்பி. மாமா, மாமா என்று குழைந்துகொண்டே காலை வாருவதில் அவனை அடிக்க ஆள் கிடையாது.

வாளிக்கு முதுகுவலி புதிதில்லை. பல வருஷமாக இடுப்பில் குடியிருந்து, வலது கால் வழியாகக் கீழே இறங்கி, பெருவிரல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வரும். சுமை தூக்குகிறவனுக்கு முதுகு வலிக்காமல் காதா வலிக்கும் என்று அவனும் விட்டுவிட்டான். ஆனால் இப்போது சொல்லப்போகிற சவாரிக்கு முந்தின நாள் ஒரு வீட்டில் குளிர்பெட்டியை இறக்கும்போது, படிக்கட்டின் திருப்பத்தில், இடுப்புக்குள் ஏதோ மளுக்கென்றது. ராத்திரி இரண்டு காலும் சேர்ந்து வலித்தது. அது புதுசு. விடியும்போது வலி பாதியாகக் குறைந்திருந்தது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

காலையில் கழிப்பறையில் நின்றான். வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்று பார்த்தான். அப்போதும் வரவில்லை. முட்டவும் இல்லை.

"உள்ளே என்ன பண்றீங்க, குழாயை மூடுங்க" என்று பெண்டாட்டி வெளியிலிருந்து சத்தம் போட்டாள். மூடிவிட்டு வந்துவிட்டான்.

அன்றைக்கு நெடுந்தூரச் சவாரி. ஒரு குடும்பத்தின் மொத்தச் சாமானும் பின்னால். டிரைவர் வழக்கம்போல வாளியைப் பார்த்து, "ஏன்டா, இப்பவே நடுவுல உக்காந்துக்கயேன், வேலை மிச்சம்" என்றார்.

"போகட்டும் அண்ணே, இன்னிக்குப் பாக்கலாம்" என்று வாளி மச்சினனை இடித்துக்கொண்டு ஜன்னலோரத்தில் ஏறிக்கொண்டான்.

மச்சினன் சும்மா இருப்பானா? தண்ணீர் பாட்டிலைத் திறந்து, வாளியின் காதருகே வைத்து, ஒரு டம்ளரில் மெதுவாக ஊற்றினான். சளசளவென்று சத்தம். "என்ன மாமா, ஏதாவது தோணுதா?"

"தாகம் தோணுது" என்று வாளி பாட்டிலைப் பிடுங்கி மடமடவென்று குடித்தான்.

ஒரு பாலம் போனது. ஒரு சந்தை போனது. வாளி வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தான். மச்சினன்தான் நெளிய ஆரம்பித்தான். காலை மாற்றிப் போட்டான். பாட்டுப் பாடினான். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணே, நிறுத்துங்க" என்றான்.

டிரைவர் அதிர்ச்சியில் பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டார். பின்னால் யாருடைய அலமாரியோ இடித்துக்கொண்டது. "நீயா? இவனா உன்னை ஜெயிச்சான்?"

வாளிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. புதருக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்து, "மாப்ள, ஓட்டை எங்கே இருக்குன்னு இப்பத் தெரிஞ்சுதா?" என்று கத்தினான். தனக்கு ஏன் வரவில்லை என்ற யோசனை அவனுக்கு வரவே இல்லை. ஜெயிக்கிறவன் எங்கே யோசிக்கிறான்?

திரும்பி வந்த மச்சினன் எஞ்சின் மூடியில் உட்கார்ந்ததும் அலறி எழுந்தான். "சாக்கு எங்கண்ணே?"

"ஆளுயரக் கண்ணாடிக்குச் சுத்தியாச்சு. சும்மா உக்காரு."

"உக்காந்தா தோல் உரிஞ்சிடும்ணே."

"நகருடா பொடிப்பயலே" என்றான் வாளி. "இத்தனை வருஷம் நான் உக்காந்த சிம்மாசனம். உக்கார்றது எப்படின்னு பாத்துக்க." ஜெயித்த இடத்தை மச்சினனுக்குக் கொடுத்துவிட்டு வெறும் தகரத்தில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் முகம் சுளிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, வீட்டுக் கட்டிலில் இருக்கிற மாதிரி இருந்தான்.

"சுடலையா மாமா?"

"என்னத்தைச் சுடுது? வெதுவெதுப்புக்கூட இல்லை."

மச்சினன் ஒரு விரலால் தகரத்தைத் தொட்டுப் பார்த்து விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டான். டிரைவர், "பழக்கம்டா, பழக்கம்" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள்.

போய்ச் சேர்ந்த வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் இல்லை. வாளி மெத்தையின் ஒரு முனையைப் பிடித்து ஏறினான். வலது பாதம் படியில் சரியாக ஊன்றாமல் தட்டுத் தட்டு என்று அடித்தது. அறைக்குள் போனதும் வீட்டுக்கார அம்மா, "உங்க செருப்பு ஒண்ணு கீழேயே படியில கிடக்குதே" என்றார். குனிந்து பார்த்தான். வலது காலில் செருப்பில்லை. எப்போது கழன்றது என்றே தெரியவில்லை.

எடுக்கத் திரும்பினான். இரண்டு காலும் மடிந்தன. நல்லவேளை, விழுந்தது மெத்தைமேல்.

"பிரிக்கிறதுக்குள்ளயே படுத்துட்டீங்களா மாமா?" என்று வந்த மச்சினன், கை கொடுத்துத் தூக்கியும் வாளி நிற்காததைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். டிரைவரிடம் சாமானை ஒப்படைத்துவிட்டு, மாமனை ஒரு ஆட்டோவில் போட்டுப் பக்கத்திலிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மாவுக்கு வாளியின் மகள் வயசுதான் இருக்கும். அதுதான் வினையாகிப் போனது.

"வலி எப்படி இருக்கு?"

"குறைஞ்சிடுச்சும்மா. நேத்துதான் உயிர் போச்சு. இன்னிக்குப் பரவாயில்லை."

"ஒண்ணுக்கு, ரெண்டுக்கு சரியாப் போகுதா?"

வாளி மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தான். "அதெல்லாம் ராஜா மாதிரி போகுது."

"உக்கார்ற இடத்துல, தொடைக்கு நடுவுல எங்கேயாவது மரத்த மாதிரி?"

"சேச்சே." ஒரு பெண்பிள்ளையிடம், அதுவும் மச்சினனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தைப் பற்றி எவன் பேசுவான்? காலையில் கழுவும்போது அது வேறு யாருடைய உடம்போ மாதிரி இருந்ததை அவன் தனக்கே இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா வலி மாத்திரை எழுதப் பேனாவை எடுத்தாள். மச்சினனுக்கு நாக்கு அரித்தது.

"ராஜா மாதிரியாம்! டாக்டரம்மா, இன்னிக்கு இவர் செஞ்ச சாதனையைக் கேளுங்க. கிளம்பினதுலேர்ந்து ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தச் சொல்லலை. வாளின்னு பேர் வாங்கின மனுஷன், ஒரு பாட்டில் தண்ணியைக் குடிச்சிட்டுக் கல்லு மாதிரி வந்தார். அது போதாதுன்னு கொதிக்கிற எஞ்சின்மேல சாக்குகூட இல்லாம உக்காந்துட்டு, சுடவே இல்லைன்னு..."

பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திச் சிரித்தாள். மச்சினன் சிரித்தான். வாளியும் மானத்தைக் காப்பாற்றச் சிரித்து வைத்தான். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை மூடினாள்.

"கடைசியா எப்பப் போனீங்க?"

"அது வந்து..."

"வெக்கப்படாம சொல்லுங்க."

"நேத்து சாயங்காலம்."

"குப்புறப் படுங்க." திரை இழுபட்டது. "இது எப்படிச் சுட்டுச்சு?"

"எதும்மா?"

"கொப்புளம் கொப்புளமா இருக்கு. சரி, நான் ஊசி முனையால குத்தறேன். தெரிஞ்சா சொல்லுங்க."

வாளி பல்லைக் கடித்துக் காத்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. "நான் தயார்மா, குத்துங்க."

"குத்திட்டுத்தான் இருக்கேன்" என்றாள் டாக்டரம்மா.

வாளி தலையைத் திருப்பி அவள் கையிலிருந்த ஊசியைப் பார்த்தான்.

அதன்பிறகு ஆளாளுக்கு ஓடினார்கள். ஒண்ணுக்கு இறங்கக் குழாய் போட்டார்கள். அது போகிற இடத்துக்கு ஒருவன் ஊரைக் கூட்டி அலற வேண்டும். வாளி சும்மா கிடந்தான். பை நிரம்பிக்கொண்டே இருந்தது. நர்ஸ் பையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். தள்ளுபடுக்கையில் வைத்து, குகை மாதிரி இருந்த ஸ்கேன் எந்திரத்துக்குள் அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது டாக்டரம்மாவோடு தலை நரைத்த ஆபரேஷன் டாக்டர் ஒருவர் நின்றிருந்தார். டாக்டரம்மாதான் சொன்னாள்.

"முதுகெலும்புக்குள்ள நரம்பெல்லாம் கீழே வரும்போது குதிரை வால் மாதிரி கொத்தாத் தொங்கும். எலும்புக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு பிதுங்கி அந்தக் கொத்தையே நசுக்கிட்டு நிக்குது. ஒண்ணுக்கு வந்தா மூளைக்குச் சொல்றது, சுட்டாச் சொல்றது, காலை அசைக்கிறது எல்லாம் அது வழியாத்தான்."

"எனக்கு வால் இருக்குன்னு என் பொண்டாட்டி கல்யாணமான வருஷமே கண்டுபிடிச்சிட்டாம்மா" என்றான் வாளி.

"உங்களுக்கு வலி குறைஞ்சது குணமாகி இல்லை. சேதி சொல்ற நரம்பே அமுங்கிப்போனதால. இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணும். தள்ளிப்போட்டா ஆயுசுக்கும் குழாயும் பையும்தான். நடக்கிறதும் சந்தேகம்."

நாளைக்கு வருகிறேன், வீட்டில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று சொல்ல வாளி வாயெடுத்தான். நரைத்த டாக்டர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

மச்சினன் பேயறைந்த மாதிரி சுவரோரம் நின்றான். "மாமா, நான்தானே அந்தப் பேரை வச்சேன். கேலிக்குப் பயந்துதானே சொல்லாம இருந்தீங்க?"

"அட லூசு. நீ உளறலைன்னா மாத்திரையை வாங்கிட்டு நடையைக் கட்டியிருப்பேன். இனிமே உன் வாயை யாராவது குறை சொன்னா எங்கிட்ட அனுப்பு. அக்காவுக்குப் போன் போட்டியா?"

"வந்துட்டிருக்கா."

"திட்டறாளா?"

"இல்லை. அழறா."

"அப்போ நிலைமை மோசம்தான்" என்றான் வாளி.

அவள் வந்து சேர்ந்தபோது படுக்கையை ஆபரேஷன் அறைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கூடவே நடந்தாள். "காலையிலயே வரலைன்னா எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"அதை எப்படிடி சொல்றது?"

"வாயாலதான். வேற எதால சொல்லுவீங்க?"

கதவு மூடியது.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்றார்கள். அதற்குமேல் யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. "நசுக்கினதை எடுத்தாச்சு. இனிமே நரம்பு தானா எழுந்திரிக்கணும். எவ்வளவு, எப்பன்னு என்னால சொல்ல முடியாது" என்றார் நரைத்த டாக்டர். வாளிக்கு அவரை அந்த ஒரு பேச்சுக்காகவே பிடித்துப்போனது. லாரிக்காரர்கள்கூடப் போய்ச்சேரும் நேரத்தைப் பொய்யாகச் சொல்லுவார்கள்.

இடது கால் முதலில் பேச்சைக் கேட்டது. வலது கால் முறைத்துக்கொண்டே இருந்தது. பாதம் தொங்காமல் இருக்க அதற்கு ஒரு பட்டை கட்டினார்கள். ஒரு நாள் குழாயை எடுத்துப் பார்த்தார்கள். வரவில்லை. திரும்பவும் போட்டார்கள். அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன் சாப்பாட்டுக்குக்கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. மச்சினன் என்னென்னவோ கோமாளித்தனம் செய்து பார்த்துவிட்டு, கடைசியில் அவனும் சும்மா உட்கார்ந்துவிட்டான். பை மாட்டிக்கொண்டு எந்த வீட்டுப் படி ஏறுவது, எந்த அலமாரியைத் தூக்குவது என்று வாளி யோசித்துக்கொண்டிருந்தான்.

மறுபடி குழாயை எடுத்த நாள் பெண்டாட்டிதான் கழிப்பறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனாள். உள்ளே உட்காரவைத்துவிட்டு, கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு வெளியே நின்றாள். உட்கார்ந்த இடம் சில்லென்று இருக்கிற மாதிரி ஒரு பக்கத்தில் மட்டும் பட்டது. நிஜமா, ஆசையா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

"என்னங்க?"

"சும்மா இரு. நீ கேட்டா வர்றதும் போயிடும்."

"நான் கேக்கலை."

"கேட்டுட்டுத்தானே இருக்கே."

வார்டில் யாரோ இருமினார்கள். அவன் கண்ணை மூடி, மூச்சை விட்டு, அடிவயிற்றைத் தளர்த்தினான். பிறகு, ரொம்ப மெல்லிசாக, அந்தச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி வந்தது. உள்ளே "ஐயோ, அம்மா" என்று வாளி கத்தினான்.

பெண்டாட்டி பதறிக் கதவைத் தள்ளினாள். "என்னாச்சு? என்ன பண்ணுது?"

"எரியுதுடி" என்றான் வாளி. முகமெல்லாம் பல். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. "நெருப்பு மாதிரி எரியுது. நர்ஸைக் கூப்பிடு, எல்லாரையும் கூப்பிடு."