கீழ் கிளிப்

ஏஞ்சலுக்குக் காலையிலிருந்தே பயமாக இருந்தது. கடல் பயமில்லை அது. ஊரூர் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கடலைக் கண்டு என்ன பயம்? பயமெல்லாம் கரையில் நின்றது, சண்முகவேல் என்ற பெயரில்.

சண்முகவேல் குப்பத்துத் தலைவர். பெண்கள் மீன் விற்கலாம், ஏலத்தில் ஆம்பளைகளைக் கிழி கிழியென்று கிழிக்கலாம், போட்டில் மட்டும் ஏறக் கூடாது என்பது அங்கே யாரும் எழுதிவைக்காத சட்டம். ஏஞ்சலின் புருஷன் கிஷோரோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆள், பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்யப் போய்விட்டான். வேறு ஆள் அகப்படவில்லை. ஏஞ்சலே ஏறிவிட்டாள். குப்பம் கொதித்து அடங்கிய பிறகு தலைவர் ஒரு வழி சொன்னார்: "போய்க்கினு வா. ஆனா போட்ல யாருக்கானா ஒரு அடி பட்டுச்சுன்னா அத்தோட நிறுத்திக்கணும்." சரி என்று தலையாட்டினாள். வேறென்ன செய்வது?

அன்றிலிருந்து எதைச் செய்தாலும் அவளுக்கு யாருக்கும் அடி படக் கூடாதே என்ற கவலை. முக்கியமாகக் குண்டை இறக்கும்போது.

போட்டின் ஓரத்தில் ஓர் உருளை. அதிலிருந்து இறங்கும் எஃகுக் கம்பியின் நுனியில் தேங்காய் அளவில் இரும்புக் குண்டு. குண்டுக்குச் சற்று மேலே ஒரு கிளிப். அதற்கும் நன்றாக மேலே இன்னொன்று. ஒவ்வொரு கிளிப்பும் போட்டிலிருந்து இறங்கும் ஒரு தூண்டில் நரம்பைக் கவ்விக்கொள்ளும். குண்டு இறங்கினால் இரண்டு நரம்பும் கூடவே இறங்கும். போட் மெல்லப் போக, நரம்பு நுனியில் முள்ளோடு கட்டிய பொம்மை மீன்கள் பின்னால் இரண்டு ஆழத்தில் நீந்திவரும். வஞ்சிரம் கவ்வினால் கிளிப் நரம்பை விட்டுவிடும், இழுத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கிளிப் லூசாக இருந்தால் அலைக்கே விட்டுவிடும். இறுக்கிவிட்டால் மீன் மாட்டியும் விடாது, செத்த மீனை இழுத்துக்கொண்டு ஊர்கோலம் போக வேண்டியதுதான். அந்தப் பதம் ஏஞ்சலின் கைக்கு வந்துவிட்டது. கிஷோருக்கு வரவில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் உறுத்தல்.

அவன் கைத்தூண்டில்காரன். ஒரு கையில் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு நரம்பைக் கால் கட்டைவிரலில் ஒரு சுற்று சுற்றிக்கொள்வான். மீன் தொட்டால் விரலுக்குத் தெரியும். ஓடும் போட்டில் பெரிய மீன் அடித்தால் விரலே போய்விடும் என்று ஏஞ்சல் சண்டை போட்டு அதை நிறுத்தியிருந்தாள். நிறுத்தியதாக நினைத்திருந்தாள்.

பெசன்ட் நகர் மாதா கோயில் கண்ணுக்குச் சின்னதாகிப் போன இடத்தில் குண்டை இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் மேல் கிளிப் சும்மாவே விட்டுக்கொண்டது. கம்பியைச் சுற்றி மேலே எடுத்து, நரம்பை மறுபடி மாட்டி இறக்கினாள்.

"இன்னா ஏஞ்சலு, திரும்ப விட்டுக்கிச்சா?"

"அலை ஜாஸ்தியா கீது."

"கீழ மீன் கீதா இல்லியான்னே எனக்கு ஒண்ணும் தெர்ல."

"கிளிப் விட்டா தெரியும். நீ எஞ்சின பாரு."

அவன் பெட்ரோல் கேனுக்குப் பின்னால் காலை நீட்டிக்கொண்டான். வழக்கமாகப் பதிலுக்குப் பதில் பேசுகிறவன் வாயை மூடிக்கொண்டால் சந்தேகப்பட வேண்டாமா? கிளிப்பைப் பற்றிய கவலையில் அவள் கவனிக்கவில்லை.

திடீரென்று கம்பி ஒரு குலுக்குக் குலுங்கியது. கீழ் கிளிப் விட்டுவிட்டது. "மாட்டிக்கிச்சு" என்று அவள் சந்தோஷமாகத் திரும்பினாள். கிஷோர் அலறினான். எஞ்சினிலிருந்து அவன் கை நழுவ, போட் ஒரு பக்கமாகத் திரும்பியது. கேனைத் தள்ளிக்கொண்டு அவன் பின்பக்க விளிம்பை நோக்கி இழுபட்டுப் போனான். அவன் கால் கட்டைவிரலில் கீழ் கிளிப்பின் நரம்பு.

மீன் பெரியது. அவ்வளவு பெரிய வஞ்சிரம் அந்த வருஷம் அவள் பார்க்கவில்லை. அதன் முதுகு ஒருமுறை தண்ணீருக்கு மேலே வந்து போனது. ஏஞ்சல் கத்தியை எடுத்து நரம்பை அறுத்தாள். பிறகுதான் எஞ்சினை அணைத்தாள்.

விரல் இருந்தது. ஆனால் எலும்பு தெரியும் அளவுக்கு அறுபட்டிருந்தது. துண்டைக் கிழித்துக் கட்டினாள்.

கரை நெருங்கும்போது கிஷோர் கேட்டான், "தலைவரு கேட்டா இன்னா சொல்றது?"

"நடந்தத சொல்லு."

"சிரிப்பானுங்கடி. நேத்து வந்த பொடியன்கூட இத பண்ண மாட்டான்."

"நீ சொல்லலன்னா நாளையிலேர்ந்து நான் போட்ல இல்ல. அவ்ளோதான்."

தானே உண்மையைச் சொல்லிவிடலாம்தான். புருஷன்மேல் பழி போட்டுத் தப்பிக்கிறாள் என்பார்கள், யாரும் நம்பப் போவதில்லை. அவன் வாயைத்தான் நம்ப வேண்டும். அந்த வாயைப் பற்றி அவளுக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது.

சண்முகவேல் மணலில் நின்றார். பக்கத்தில் அவர் மச்சான் அறிவு, இன்னும் நாலைந்து பேர். நொண்டிக்கொண்டு இறங்கிய கிஷோரின் காலில் எல்லார் கண்ணும் விழுந்தது.

"இன்னா நைனா, காலு?" என்றார் தலைவர்.

"கிளிப்பு... மாட்டிக்கிச்சு மாமா."

சண்முகவேல் கோபப்படவில்லை. சாந்தமாகவே ஏஞ்சல் பக்கம் திரும்பினார். "சொன்னேன் இல்லம்மா? போதும். நாளைக்கு அறிவு போவட்டும்."

அவள் கிஷோரைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவன் மணலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"மாமா, கிளிப்பு ஒண்ணும் பண்ல. அது கரெக்டா விட்டுச்சு. நான்தான் நரம்ப காலுல சுத்திக்கினு இருந்தேன். வேணாம்னு இவ சொல்லியும் கேக்கல. மீனு இழுக்கசொல்ல இவதான் அறுத்துவுட்டா. இல்லன்னா நானே போயிருப்பேன்."

அவன் பயந்த மாதிரியே எல்லாரும் சிரித்தார்கள். சண்முகவேல் மட்டும் சிரிக்கவில்லை. "எப்டியோ, அடி பட்டது பட்டதுதான். நாளைக்கு உன்னால நிக்க முடியாது. அறிவு போவட்டும்."

"வரட்டும் மாமா" என்றாள் ஏஞ்சல். "எஞ்சின அவரு புடிக்கட்டும். கிளிப் நான் போடறேன். ஆனா காலுக்கு ஷூ போட்டுக்கினு வரச் சொல்லுங்க."

அறிவு குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டான்.

"எங்கிட்ட ஷூ இல்லியே, மாமா."

சண்முகவேல் கிஷோரின் காலை இன்னொரு தடவை பார்த்தார்.

"வாங்கிக்க" என்றார்.