எல்லா வசதியும் உள்ள வீடு

வீடு தேடித் தரும் இணையதளத்தில் வேலை பார்க்கிறவளுக்கு வீடு மாறப் பிடிக்காவிட்டால் எவ்வளவு தில்லுமுல்லு செய்யலாம் என்று என்னைக் கேளுங்கள்.

நானும் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தோம். அக்கா தையற்காரி. அவள் மிஷின் ஓட ஆரம்பித்தால் கீழ்வீட்டுக்காரர் கட்டையால் மேலே இடிப்பார். கடைசியில் வீட்டுச் சொந்தக்காரர், இந்த மாதத்தோடு மிஷின் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவளுக்கு அதுதான் பிழைப்பு. எனக்கோ அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் ஆபீஸ்.

ஆகவே அக்கா எங்கள் தளத்தில் தேட உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து உதவினேன்.

"சமையலறையில காலை வெயில் வரணும்க்கா. மேல யாரும் குடியிருக்கக் கூடாது. ஆபீஸுக்கு நடந்து போற தூரமா இருக்கணும்."

கட்டம் கட்டமாக டிக் அடிப்பேன். வெறும் வெள்ளைப் பக்கம் வரும். அவள் பெருமூச்சு விடுவாள். நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளுக்குள் குதிப்பேன்.

அந்த வெள்ளைப் பக்கம் எங்கள் புரோகிராமின் கோளாறு. ஒரு வீடும் இல்லை என்று டேட்டாபேஸ் சொன்னால் அது நம்பாது. தூக்கக் கலக்கத்தில் உளறுகிறது என்பது போல மறுபடி மறுபடி கேட்கும். கடைசியில், காலிப் பட்டியலிலிருந்து முதல் வீட்டை எடுக்கப் போய்க் குப்புற விழும். அதைச் சரிசெய்யும் பொறுப்பு என்னுடையது. நான் தொடுவேனா?

பொறுத்துப் பார்த்த மேனேஜர் வேலையைப் பிளாஸ்திரியிடம் கொடுத்தார். எந்தக் கோளாறானாலும் மேலே எதையாவது ஒட்டிவிட்டுப் போகிறவன் என்பதால் அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டான். காலியாக வந்தால்தானே விழும்? காலியாகவே வராதபடி ஒரு பொய் வீட்டை உள்ளே சேர்த்துவிட்டான். என்ன வசதி கேட்டாலும் அதில் 'உண்டு'. வேறு வீடு கிடைக்காத எல்லாருக்கும் அது வரும். படத்துக்கு எங்கள் மீட்டிங் ரூம். முகவரி இல்லாமல் சேர்க்க முடியாததால் ஆபீஸ் முகவரியையே போட்டுவைத்தான்.

மறுநாள் ஆபீஸில் ஒரே கூட்டம். ஒரு பெரியவர் பாத்ரூம் குழாயைத் திறந்து பார்த்து, "தண்ணி நல்லா வருது" என்று மனைவியிடம் சொன்னார். ஒரு அம்மாள் மேனேஜரின் மேசையைக் காட்டி, "இந்தச் சாமானெல்லாம் எடுத்துருவீங்கல்ல?" என்று அவரையே கேட்டார். மீட்டிங் ரூமில் யாரோ டேப் பிடித்துச் சுவரை அளக்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன். அக்கா.

"உன் ஆபீஸ்னு தெரியும்," என்றாள். "மாடியில ஏதாவது வாடகைக்கு விடுறாங்களோன்னு நெனச்சேன். எல்லா வசதியும் இருக்குன்னு போட்டிருந்துச்சே."

டேப்பைச் சுருட்டும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மேனேஜர் வேலையைத் திரும்ப என் தலையில் கட்டினார். இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். பொய் வீட்டை அழித்தேன். இனி புரோகிராம் ஒரே முறைதான் கேட்கும். காலி என்றால் அதையும் ஒரு பதிலாக ஏற்றுக்கொள்ளும். அப்புறம் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக விலக்கி, 'ஒரு வீடாவது இருக்கிறதா' என்று மட்டும் கேட்கும். எல்லா வீட்டையும் அள்ளிக்கொண்டு வராது. எந்த நிபந்தனை இடிக்கிறதோ அதை வெளிப்படையாக எழுதிக் காட்டும்.

சாயங்காலம் அக்கா மறுபடி தேடினாள். பழைய டிக்குகள் அப்படியே இருந்தன. திரையில் வந்தது: 'உங்கள் நிபந்தனைகளுக்கு வீடு இல்லை. ஆபீஸுக்கு நடந்து போகும் தூரம் என்பதை எடுத்துவிட்டால் உண்டு.'

நான் எழுதிய புரோகிராமே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இனி மறைத்துப் பயனில்லை.

"நான்தான்க்கா வேணும்னே போட்டேன். எனக்கு இந்த வீட்ட விட்டு வரப் பிடிக்கல."

"உன்ன யாரு வரச் சொன்னா?" என்றாள் அக்கா. "மேல பாரு. படுக்கையறை ஒண்ணுன்னு முதல் நாளே போட்டிருக்கேன். போக வேண்டியது மிஷின்தான். நான் அதோட போறேன், நீ இங்கயே இரு."

இத்தனை நாள் அத்தனை கட்டத்திலும் டிக் அடித்த நான் அந்த ஒன்றைப் படிக்கவே இல்லை.

"அப்ப ஆபீஸ் பக்கத்துல இருக்கணும்னு நான் போட்டது?"

"நீ மதியம் வந்து சாப்பிட்டுப் போகத்தான் கேக்குறன்னு நெனச்சேன்."

மௌஸைப் பிடுங்கினேன். நடந்து போகும் தூரத்தை எடுத்தேன். படுக்கையறை இரண்டு என்று மாற்றினேன்.

"பஸ்ல தொங்கிட்டுப் போகணும்டி," என்றாள்.

"போறேன்."

வீடுகள் வரிசையாக வந்தன. அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"உன் குறட்டைச் சத்தம் வெளிய கேக்காத ரூம்னு ஒரு கட்டம் வெய்யேன் உங்க வெப்சைட்ல," என்றாள்.