முப்பத்தோராம் நாள் மலரில் ஒரு சீன எழுத்து

“இஞ்சாரும், லைட்டைக் கொஞ்சம் இஞ்சால திருப்பும்” என்றார். திருப்பிவிட்டு, பாண் வாங்க இல்ஃபோர்ட் கடைத்தெருவுக்குப் போனேன். வந்து பார்த்தபோது என் கணவர் செபமாலைமுத்து சீன அகராதியின் மேல் கன்னத்தை வைத்தபடி இறந்திருந்தார்.

தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பதினொரு வருடம் ஒரே ஒரு சீன எழுத்தைத் துரத்தியவர் அவர். மிகப் பழைய அகராதி அதைப் பறவை என்றது. அடுத்தது மீன் என்றது, உச்சரிப்பையும் மாற்றியது. மூன்றாவது, யார் மனமும் நோகாமல், பறக்கும் மீன் என்றது. கடைசியில் அவர் கண்டுபிடித்தது இதுதான்: முதல் ஆள் வேறோர் எழுத்தைப் பிழையாகப் பார்த்து எழுதிவிட்டான். அப்படி ஓர் எழுத்தே கிடையாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்ட பண்டிதர்கள்தான் அதற்குப் பொருளும் ஓசையும் கொடுத்து அறுநூறு வருடம் வளர்த்திருக்கிறார்கள்.

இதை அவருடைய நினைவு மலரில் போட வேண்டும். வேறெதுவும் நான் கேட்கவில்லை. எங்கள் கோயில் பங்கில், ஆள் இறந்த முப்பத்தோராம் நாள் கொடுக்கும் மலர்களெல்லாம் அவரது தம்பி தவராசாவின் கைவேலை. பழைய மலரைக் கம்ப்யூட்டரில் திறந்து படத்தையும் பெயரையும் மாற்றுவார். கல்யாணமே செய்யாத ஒருவருக்கு ஒருமுறை ஏழு பேரப்பிள்ளைகள் கிடைத்தார்கள்.

“அர்த்தம் இல்லாத எழுத்தைப் போடேலாது அண்ணி. அண்ணை பதினொரு வருசம் சும்மா இருந்தவர் எண்டெல்லோ சனம் கதைக்கும்.”

“அர்த்தம் இல்லை எண்டதைத்தானே அவர் கண்டுபிடிச்சவர்?”

“ஓம், ஓம். நான் பாத்துச் செய்யிறன்.”

பார்த்துத்தான் செய்தார். அட்டையில் பொன்னிறத்தில் அந்த எழுத்து. கீழே, பொருள்: நித்திய சமாதானம். உச்சரிப்பு: ஷாந். உள்ளே என் கணவர் ‘சீன மொழிப் பேராசான்’. சீனச் சாப்பாட்டுக் கடையில் மெனுவை விரலால் தொட்டுக் காட்டிய மனுஷன்.

“இந்த ஷாந் எங்கயிருந்து வந்தது, தவராசா?”

“சாந்தியில கொஞ்சம் வெட்டினனான். சைனீஸ் மாதிரி இருக்கெல்லோ?”

கோயில் வாசலில் நின்று முந்நூறு பிரதிகளையும் நானே கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து யோகமலர் காலமானார். வாழ்நாள் முழுக்கப் பங்கில் எல்லோரோடும் சண்டை பிடித்த பெண். அவர் மலரின் அட்டையிலும் அதே எழுத்து. பொருள்: விண்ணக இல்லம். உச்சரிப்பும் வேறு.

“ஏன் மாத்தினனீர்?” என்றேன்.

“அதையே திருப்பிப் போட்டா கொப்பி எண்டு சனம் சொல்லும், அண்ணி.”

வீட்டுக்கு வந்து இரண்டு மலர்களையும் மேசையில் வைத்து, விரலால் எண்ணிப் பார்த்தேன். இரண்டிலும் எழுத்துக்குக் கோடுகள் பதின்மூன்றுதான்.