விரல் அளவு

எங்களை ரெசிடென்ட் என்பார்கள். யாரும் அங்கே குடியிருக்கவில்லை. திருப்பதியில் பத்மாவதி அக்கா நடத்தும் மண்பாண்ட ஸ்டூடியோவில் ஆறு மாதத்துக்கு ஒரு சக்கரமும் ஒரு அலமாரியும் நம்முடையது, அவ்வளவுதான் குடித்தனம். செல்போன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து நான் போவேன். ரிடையரான வாத்தியார் வேதாச்சலம் வருவார், நர்ஸ் சபீனா வருவாள், இன்னும் சிலர். கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு கண்காட்சி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. கோணல் ஜாடியைக்கூட அவரவர் தடவித் தடவி மேஜையில் வைத்தார்கள்.

நான் வைத்தது ஒரே ஒரு கப். என் மகள் அக்ஷயாவுக்காகச் செய்தது.

அவள் பாகாலாவில் அப்பாவோடு இருக்கிறாள். ரயிலேறினால் ஒரு மணி நேரம். ஆனால் நானும் ஹரிபிரசாத்தும் பிரிந்தபோது, குழந்தையின் மனசு நிலைப்படும்வரை நான் அந்தப் பக்கம் வரக்கூடாதென்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். நிலைப்பட்டதா இல்லையா என்று சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் பார்ப்பேன். இப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது. 

கண்காட்சிக்கு அவளை அழைத்துவரச் சொல்லிக் கெஞ்சினேன். ஹரிபிரசாத் ஒத்துக்கொண்டான். "இட்டுக்கினு வரேன் ரூபா. மே மாச லீவுக்கு உன்னாண்ட வரேன்னு அவளே சொன்னா விட்டுட்றேன். நான் குறுக்க வரமாட்டேன்" என்றான்.

அதற்காகத்தான் அந்தக் கப். மண், காயும்போதும் சுருங்கும், சூளையில் வேகும்போதும் சுருங்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதில்தான் ஏமாறுவார்கள். நான் ஏமாறவில்லை. அவள் விரல் நுழையும் அளவுக்குமேல் சுருக்கத்தையும் கூட்டித்தான் பிடியை ஒட்டினேன். சூளையைத் திறந்தபோது பிடி நான் நினைத்த அளவில் அப்படியே இருந்தது. "கணக்குல புலிம்மா நீ" என்றார் வேதாச்சலம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்மாவதி அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கண்காட்சியில் எதையும் தொடலாம். கையில் எடுத்துப் பார்க்காமல் போனால்தான் அவளுக்குக் கோபம் வரும்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். வாசலில் அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நெட்டைப் பெண் நின்றாள். போனில் முகம் மட்டும்தானே தெரியும். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். கூச்சத்தோடு நின்றாள். தலையில் நான் தேய்க்காத எண்ணெயின் வாசனை.

மேஜைக்குக் கூட்டிப்போனேன். "உனுக்குத்தான் பண்ணேன். எடுத்துப் பாரு."

எடுத்தாள். விரலைப் பிடிக்குள் விட்டாள். கணுவிலேயே நின்றுவிட்டது. சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். அது மட்டும் போயிற்று. மண் சுருங்குவதற்குக் கணக்குப் போட்டவள் பிள்ளை வளர்வதற்குப் போடவில்லை. என் கண்ணுக்குள் நின்றது ஐந்து வயசுக் கை.

"சின்னதா கீதும்மா" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக, "ஆனா பாகுந்தி. நல்லாத்தான் கீது" என்றாள்.

பெற்றவளைச் சமாதானம் செய்ய ஏழு வயதிலேயே கற்றுக்கொண்டிருக்கிறாள். மனசு தாங்காமல் அப்போதே கேட்டுவிட்டேன். "லீவுக்கு அம்மாவாண்ட வரியா கண்ணு?"

ஹரிபிரசாத் சொன்ன சொல் மாறாமல் தள்ளிப்போய் வேதாச்சலத்தின் ஜாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மேல் பழி போடவும் வழியில்லை.

"லீவுல ஸ்கேட்டிங் கிளாஸ் கீதும்மா. பிரெண்ட்ஸுங்க எல்லாரும் சேந்துக்கினாங்க."

"சரி, அது முடிஞ்சப்புறம் வா."

 அவள் கப்பை மெதுவாக மேஜையில் வைத்தாள். பிறகு வலது கையை விரித்து என் முன்னால் நீட்டினாள்.

"இன்னொண்ணு பண்றியா? அளவு எடுத்துக்கோ."

என் உள்ளங்கையை அவள் கையோடு சேர்த்து வைத்தேன். சூடாக இருந்தது. எடுக்க மனசே வரவில்லை.

"கொஞ்சம் பெருசாவே பண்ணும்மா" என்றாள். "நான் மறுபடியும் எப்ப வருவேனோ, தெரியாதே."