மூன்று புதன்கிழமைகள்

என் முன்னால் காகிதத்தை விரித்த சந்திரகலாவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி. "பாருங்க பாத்திமாக்கா, உங்க கோடு எப்படி இறங்குதுன்னு!"

ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பி ஒன்பது நாள்தான் ஆகிறது. மருந்தில் நாக்கு இன்னும் தடித்துக் கிடக்கிறது.

அவள் ஆராய்ச்சிக்காரி. மனநோய் வந்து தேறியவர்களின் பேச்சை டேப்பில் பிடித்து, கம்ப்யூட்டரில் போட்டு, நோய் திரும்ப வரப்போகிறதா என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கிற வேலை. ஒன்றரை வருடமாக, தட்டாஞ்சாவடி அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அரை நாள் லீவு போட்டு, புதன்கிழமை தவறாமல் போய் அவளிடம் பேசினேன். காரணம் ஒன்றுதான். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா புள்ளைய எங்கம்மாகிட்ட விட்டுடுவேன்" என்று வீட்டுக்காரர் கலீலுல்லா சொல்லியிருந்தார். என் மகள் நஸ்லினுக்கு ஆறு வயது. நோய் வருமுன்னே யாராவது காதில் போட்டால் டாக்டரிடம் ஓடி மாத்திரையைக் கூட்டி வாங்கிப் பிழைத்துக்கொள்வேன். அந்த நம்பிக்கையில்தான் வாயைத் திறந்தேன்.

போன மாதம் கம்பெனியில், பெட்டிகளுக்குள்ளிருந்து யாரோ என்னைத் திட்டுவதாகச் சொல்லி எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேனாம். எனக்குப் பாதிதான் ஞாபகம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது பீரோவில் நஸ்லினின் துணி ஒன்றுகூட இல்லை. வீட்டுக்காரரின் அம்மா, எங்க மாமி, அவளைக் கடலூருக்குக் கூட்டிப் போய்விட்டார்.

கோடு இறங்கத் தொடங்கிய இடத்தில் சந்திரகலா விரல் வைத்த தேதியைப் பார்த்தேன். நான் கிழித்ததற்கு மூன்று வாரம் முன்னால்.

"அப்பவே தெரிஞ்சுதா?"

"ஆமாக்கா. ஒண்ணு பேசும்போதே வேற ஒண்ணுக்குத் தாவிட்டீங்க. நாங்க சொன்ன மாதிரியே வந்துடுச்சு!"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் சிரிப்பு குறைந்தது. "சொன்னா டாக்டர் மருந்தைக் கூட்டியிருப்பாரு. உங்களுக்கு ஒண்ணும் வந்திருக்காது. அப்புறம் எங்க கணிப்பு சரியா தப்பான்னு எப்படித் தெரியும்? ஆராய்ச்சி முடியற வரைக்கும் யாருக்கும் சொல்லக் கூடாதுங்கிறது ரூல். நீங்க கையெழுத்துப் போட்ட பாரத்துலயே இருக்கு."

கையெழுத்தாம்! அந்த இங்கிலீஷ் காகிதத்தில் இவள் காட்டிய இடத்தில் போட்டேன். எனக்குப் பைத்தியம் பிடிப்பது இவளுக்கு வேண்டியிருந்திருக்கிறது.

"கடலூருக்கு வந்து எங்க மாமிகிட்ட சொல்லு. முன்னாடியே தெரிஞ்சுக்க வழி இருக்கு, இனிமே தடுத்துடலாம்னு சொல்லு. புள்ளையக் குடுத்துடுவாங்க."

"அதெல்லாம் எங்களால முடியாதுக்கா."

இவளுக்குத் தெரிந்த பிறகு, நான் கிழிப்பதற்கு முன்னால் வந்த அந்த மூன்று புதன்கிழமையும் பள்ளிக்கூடம் லீவு. நஸ்லினையும் கூட்டிக்கொண்டுதான் போயிருந்தேன். என்னிடம் மூச்சு விடாத இவள், கிளம்பும்போது என் மகளின் கன்னத்தைக் கிள்ளி, "அம்மாவ நல்லா பாத்துக்கோம்மா" என்று சொல்லி அனுப்பினாள். மூன்று தடவையும்.